காரணம் கேட்காத கம்பெனி

அதே கேள்வி இரண்டாம் முறையும் தன்னிடமே வந்தபோதுதான் வடிவுக்கு உறைத்தது.

மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டை மூன்று முறை துடித்தது. மடியிலிருந்த சிறு திரையில் அதே படம். அதே அணை, அதே மதகுகள், அதே சாம்பல் வானம். ஒன்று மட்டும் மாறியிருந்தது. முன்பு பார்த்தபோது சுவரில் மஞ்சள் கோட்டுக்குக் கீழே நின்ற தண்ணீர் இப்போது கோட்டை விழுங்கியிருந்தது.

மஞ்சணத்தி அணை. மூன்றாம், நான்காம் மதகுகளைத் திறக்கலாமா? பார்த்து முடிவு சொல்லவும். மீதமுள்ள நேரம் 24 நிமிடம்.

கீழே இரண்டு பொத்தான்கள். எடுக்கிறேன். தள்ளுகிறேன்.

முதல் முறை வந்தபோது நாற்பது நிமிடம் மீதமிருந்தது. அப்போது டயாலிசிஸ் வார்டில் ஜெபா சிஸ்டர் அவள் கணவன் சிவபெருமாளின் இடது கையில் இரண்டாவது ஊசியைக் குத்திக்கொண்டிருந்தார். அவன் வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு, வலது கையால் வடிவின் விரல்களைப் பிடித்திருந்தான். அவள் கட்டைவிரலால் 'தள்ளுகிறேன்' அழுத்தினாள். அழுத்தியதை மறந்தும்போனாள். அதில் தப்பே கிடையாது. 'இலகு' கம்பெனியில் யாரும், எதையும், எப்போதும் தள்ளலாம். ஏன் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

அந்த ஒன்றுக்காகத்தான் அவள் இந்த வேலைக்கே வந்தாள்.

முன்பு திருநெல்வேலியில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தாள். சிவபெருமாளின் சிறுநீரகங்கள் நின்றுபோன பிறகு செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் டயாலிசிஸ். ஒவ்வொரு வாரமும் மேனேஜர் மேசை முன்னால் நின்று காரணம் சொல்ல வேண்டும். "போன வாரமும் இதத்தானம்மா சொன்னீங்க?" என்பார் அவர். சுற்றி இருப்பவர்கள் தலையைத் தூக்காமல் கேட்டுக்கொண்டிருப்பார்கள். வடிவின் காது சுடும். அறைக்குள் நுழைவதற்கு முன் சொல்ல வேண்டியதை மூன்று தடவை உதட்டுக்குள் சொல்லிப் பார்ப்பாள். அப்படியும் பாதியில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பத்தாவது மாதம் அவள் போவதை நிறுத்தினாள்.

'இலகு'வில் சேர நான்கு நிமிடம் போதுமானதாக இருந்தது. நேரம் இல்லை, அலுவலகம் இல்லை, மேலதிகாரி இல்லை. எப்போது செய்வீர்கள், எப்போது செய்யமாட்டீர்கள் என்பது எங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை என்று எழுதியிருந்தது. அன்று அவள் குளியலறைக்குள் போய் அழுதாள். நிம்மதியில் வந்த அழுகை. மூன்று வருடங்களாக இந்த வார்டிலிருந்தும், பஸ்ஸிலிருந்தும், குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும் நேரத்திலும் அவள் வேலை பார்த்தாள். பாலத்தில் தெரிவது விரிசலா நிழலா? தெருவில் கிடப்பவர் விழுந்து கிடக்கிறாரா, தூங்குகிறாரா? பட்டை கேட்கும். அவள் பார்த்துச் சொல்வாள்.

"திரும்ப வந்துருக்கு சிஸ்டர்" என்றாள் வடிவு.

ஜெபா சிஸ்டர் டயாலிசிஸ் மெஷினின் எண்களைக் குறித்துக்கொண்டே, "எது?" என்றார்.

"கொஞ்சம் முன்ன நான் தள்ளுனது. நான் தள்ளுனா அடுத்த ஆளுக்குப் போவும். அவங்க தள்ளுனா அதுக்கடுத்த ஆளுக்கு. முழிச்சு, கை ஒழிஞ்சு இருக்கவங்க யாருன்னு பட்டைக்குத் தெரியும். அம்பது பேராவது இருப்பாங்க. சுத்திட்டு எங்கிட்டயே வந்துட்டு."

"அப்ப அம்பது பேரும் தள்ளியாச்சா?"

வடிவு தலையாட்டினாள்.

"மெஷினுதான எல்லாம் பாக்கு? அதே தொறந்துற வேண்டியதுதான?"

"தொறக்கும். ஆனா கீழ ஆத்துல ஆள் தெரிஞ்சா அதுவா தொறக்கக்கூடாது. மனுசர் ஒருத்தர் பாத்துச் சொல்லணும்னு சட்டம்."

"ஆள் இருக்கா?"

அவள் இரண்டாவது படத்தைப் பெரிதாக்கினாள். அணைக்குக் கீழே, ஆற்றின் நடுவில் மணல் திட்டு. அதில் நீலமும் வெள்ளையுமாக ஒரு சாமியானா. சிவப்பு நாற்காலிகள். பந்தி நடந்துகொண்டிருந்தது. ஓரத்தில் ஆட்களின் எண்ணிக்கை: 31.

அதன் கீழே அணை மெஷினின் கணக்கு. திறந்தால் ஆறு நிமிடத்தில் தண்ணீர் திட்டுக்கு வரும். திறக்காவிட்டால் இருபத்து மூன்று நிமிடத்தில் மண்கரை உடையும். கரைக்குக் கீழே நாலாயிரம் பேர் இருக்கும் ஊர்.

"ஏன் எல்லாரும் தள்ளுனாங்கன்னு தெரியுது" என்றான் சிவபெருமாள், தலையைத் திருப்பாமலே. "நீயும் தள்ளிரு வடிவு. வேற யாராவது பாப்பாங்க."

"அந்த வேற யாராவதுதாங்க இப்ப நான்."

அவள் 'எடுக்கிறேன்' அழுத்தினாள். எடுத்ததைத் திருப்பித் தர முடியாது. திரையின் மூலையில் அவள் பெயர் தோன்றியது.

முதலில் உதவி கேட்டாள். 'உங்கள் கோரிக்கை ஒரு சக ஊழியருக்கு அனுப்பப்பட்டது' என்றது திரை. பத்து விநாடி. 'தள்ளப்பட்டது.' மறுபடி. 'தள்ளப்பட்டது.' யாருடைய போன் நம்பரும் அவளிடம் இல்லை. மூன்று வருடத்தில் ஒரு சக ஊழியரின் குரலைக்கூட அவள் கேட்டதில்லை. அதுவும் அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது.

போலீசுக்குப் போன் அடித்தாள். பக்கத்து வண்டி வர முப்பத்தைந்து நிமிடம் ஆகும் என்றார்கள்.

அபாயச் சங்கு பத்து நிமிடமாக ஊதிக்கொண்டிருப்பதாகத் திரை காட்டியது. திட்டில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஏனென்று படத்திலேயே தெரிந்தது. இரண்டு கம்பங்களில் இரண்டு பெரிய குழாய் ஸ்பீக்கர்கள் கட்டியிருந்தார்கள்.

பத்தொன்பது நிமிடம்.

அவள் படத்தை இன்னும் பெரிதாக்கினாள். சாமியானாவின் ஓரத் தொங்கலில் வெள்ளை எழுத்து. செல்லாண்டியம்மன் வாடகை நிலையம். பக்கத்தில் நம்பர். பாதி மடிப்புக்குள் போயிருந்தது. அவள் நாற்காலிகளின் முதுகைத் தேடினாள். அதே நம்பர் அங்கேயும் பெயின்டில், முதல் பாதி தேய்ந்து இருந்தது. ஐந்து இலக்கத்தைத் துணியிலிருந்தும் ஐந்தை நாற்காலியிலிருந்தும் எடுத்தாள். அடிப்பதற்கு முன் சொல்ல வேண்டியதை ஒருமுறை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். தெரியாத ஆளிடம் போனில் பேசுவதென்றால் அவளுக்கு எப்போதும் அப்படித்தான்.

"செல்லாண்டியம்மன் வாடகை நிலையமுங்க. நாச்சிமுத்து பேசறேன். எந்தத் தேதிக்குங்க வேணும்?"

"அண்ணாச்சி, உங்க சாமியானா இப்ப மஞ்சணத்தி ஆத்துக்குள்ள நிக்கு. அங்க இருக்கவங்க உடனே கரையேறணும். அணையத் தொறக்கப் போறாங்க."

"யாருங்க பேசறது? தாலுகா ஆபீசுங்களா? மணல்ல குழி தோண்ட வேண்டாம்னு சொல்லித்தானுங்க அனுப்புனேன்."

"ஆபீசு இல்ல. நான் அணை வேலையில இருக்கேன்."

"அணைல ஏதுங்க ஆளு? வாட்ச்மேனையே எடுத்துப் போட்டாங்களே."

"நான் திருநெல்வேலில இருந்து பேசுதேன் அண்ணாச்சி."

அவர் சிரித்தார். "ஏனுங் கண்ணு, திருநெல்வேலில உக்காந்துட்டு எங்கூரு அணையத் தொறக்கறீங்களாக்கும்?"

"ஆமா" என்றாள் வடிவு. "தொறக்கப் போறது நாந்தான். இன்னும் பதினாறு நிமிசம் இருக்கு. அதுக்கு மேல என்னால பொறுக்க முடியாது. எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க. பச்சச் சட்டை போட்ட ஒருத்தர் சாம்பார் வாளியோட நிக்காரு. நான் பாத்துக்கிட்டே இருக்கேன் அண்ணாச்சி."

மறுமுனையில் சிரிப்பு நின்றது.

"பச்சச் சட்டை எம்பட மச்சானுங்க" என்றார் நாச்சிமுத்து. "அவனோட கொழந்தைக்குத்தான் காது குத்து. எங்கூட்டுக்காரியும் அங்கதான் இருக்கறா. இருங்க, வெச்சுராதீங்க."

அவர் இன்னொரு போனில் அடிப்பது கேட்டது. மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தார். "எடுக்க மாட்டீங்கறாளுங்க. அந்தப் பாட்டுச் சத்தத்துல எங்கீங்க கேக்கும்!"

பதிமூன்று நிமிடம்.

"ஸ்பீக்கரு உங்களுதா அண்ணாச்சி?"

"ஸ்பீக்கரு, ஜெனரேட்டரு அல்லாம் நம்முளுதுதானுங்க."

"ஜெனரேட்டர்கிட்ட ஆள் யாராச்சும் விட்டிருக்கீங்களா?"

"பழனான் இருக்கறான். போன அவன் கையிலயேதானுங்க வெச்சிருப்பான்."

"அவர நிறுத்தச் சொல்லுங்க. வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம். பாட்டு நின்னா சங்கு கேக்கும்."

அவள் திரையையே பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. ஒருவர் இலையில் பாயசம் ஊற்றினார். பிறகு, ஒரே நேரத்தில், எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. சத்தமில்லாத படத்தில் அதைப் பார்த்தபோது வடிவுக்கு உடம்பு சிலிர்த்தது. சங்கு அவர்களுக்குக் கேட்டுவிட்டது.

31 என்ற எண் அசையத் தொடங்கியது. 26. 19. பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கரையேறிய இரண்டு ஆண்கள் திரும்பி வந்தார்கள். பெரிய அண்டாவின் காதுகளுக்குள் கம்பைச் செருகினார்கள்.

"அண்டாவ விடச் சொல்லுங்க!" வடிவு கத்தினாள். வார்டில் இருந்த எட்டு நோயாளிகளும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வாழ்க்கையில் அத்தனை சத்தமாகப் பேசியதில்லை. "போட்டுட்டுப் போகச் சொல்லுங்க அண்ணாச்சி!"

"போட்டுட்டு வாங்கடா, நம்ம அண்டாதான்டா அது!" என்று நாச்சிமுத்து இன்னொரு போனில், பழனான் வழியாக அலறினார்.

4. 2. பிறகு 1. அந்த ஒன்று அசையவில்லை.

மூன்று நிமிடம் இருந்தது. திட்டின் ஓரத்தில் நின்ற புளியமரத்து வேரை ஒட்டி, வெள்ளையாக, நீளமாக ஏதோ கிடந்தது. மனிதர் என்றது மெஷின். உறுதி அறுபத்திரண்டு சதவீதம்.

"எல்லாரும் கரையேறிட்டாங்களா? எத்தன பேரு இருக்காங்க?"

கொஞ்ச நேரம் கழித்து, "எண்ணுனா முப்பது வருதாமுங்க."

"வந்தது எத்தன பேரு?"

"காது குத்துக்கு யாருங்க ஆளை எண்ணிக் கூட்டியாருவாங்க!"

"புளிய மரத்துக்கிட்ட யாராச்சும் படுத்திருந்தாங்களான்னு கேளுங்க."

"ஒருத்தன் இருந்தாங்கறான். ஒருத்தன் இல்லீங்கறான்."

ஒன்றரை நிமிடம். ஒருவரை அனுப்பிப் பார்க்க நேரமில்லை. சிவபெருமாள் அவள் முழங்கையைத் தொட்டான். அவள் கண்ணிமைக்காமல் அந்த வெள்ளையைப் பார்த்தாள். நிழலா, ஆளா? மூன்று வருடமாக அவள் பார்த்த வேலை இதுதான். ஒரு காகம் இறங்கியது. வெள்ளையின் மேல் உட்கார்ந்தது. ஒரு முனையில் கொத்தி இழுத்தது. இன்னும் ஒருமுறை. வெள்ளையில் சின்ன அசைவுகூட இல்லை.

வடிவு திறந்தாள்.

மதகுகளிலிருந்து தண்ணீர் விழுந்தது. ஆறு நிமிடம் கழித்து சாமியானா ஒரு பக்கமாகச் சாய்ந்து, நாற்காலிகளோடு சேர்ந்து திரையைவிட்டுப் போயிற்று.

அன்று சாயங்காலம்தான் நாச்சிமுத்துவிடமிருந்து போன் வந்தது. மரத்தடியில் கிடந்தது அரிசி மூட்டை. சமையல்காரர் வேட்டியைப் போட்டு மூடி வைத்திருக்கிறார். அந்தச் சாயங்காலம் வரைக்கும் வடிவு ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மறுநாள் கம்பெனியிலிருந்து அழைத்தார்கள். இனிமையான பெண் குரல். மனுஷியா மெஷினா என்று வடிவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"நேத்து நடந்ததுல யார் மேலயும் தப்பில்ல மேடம். தள்ளினவங்க எல்லாரும் அவங்க உரிமையைத்தான் பயன்படுத்தினாங்க."

"நானும் ஒரு தடவ தள்ளுனேன்" என்றாள் வடிவு. பிறகு, "இதுக்கு முன்னால இப்படிக் கேள்வி வந்ததே இல்லையா? அப்பல்லாம் யார் எடுத்தா?"

"வந்திருக்கு. மூணு வருஷத்துல இருநூத்திப் பதினெட்டு. அதுல இருநூத்திப் பதினாறு எடுத்தது ஒரே ஊழியர். வாணியம்பாடி ஹமீதா."

"அவங்க இப்ப எங்க?"

"பன்னெண்டு நாள் முன்னாடி விலகிட்டாங்க."

"ஏன்?"

"நாங்க காரணம் கேக்கறதில்ல மேடம்."

கம்பெனியில் இருக்கும் அறுநூற்று நாற்பது பேர் மூன்று வருடம் நிம்மதியாகத் தள்ளியிருக்கிறார்கள். அவளும்தான். தள்ளியதெல்லாம் யார் தலையில் போய் விழுந்ததென்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

"இனிமே?" என்றாள்.

"நீங்க எடுக்கற ஆள்னு உங்க பட்டை கத்துக்கிட்டிருக்கு. அதனால இந்த மாதிரி கேள்வி முதல்ல உங்ககிட்ட வரும். வேண்டாம்னா தள்ளலாம். முழு சுதந்திரம்."

அந்த வாரம் ஒன்பது வந்தது. ஒரு ரசாயனக் கிடங்கில் புகை. தண்டவாளத்தில் சரிந்த பாறை. இரண்டு தடவை ஆற்றில் வெள்ளம். ஒவ்வொன்றிலும் எங்கோ ஒரு ஓரத்தில் மனிதர்கள். அவள் பட்டையைக் கழற்றாமல் குளித்தாள். உலையில் அரிசியைப் போட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைக்க மறந்தாள். ஒருநாள் பஸ்ஸில் நெரிசலில் கை எட்டாமல் ஒன்றைத் தள்ள நேர்ந்தது. வீடு வரும்வரை, இப்போது அது யாரிடம் இருக்கும், இப்போது யாரிடம் என்றே நினைத்துக்கொண்டு வந்தாள்.

"விட்டுரு இந்த வேலைய" என்றான் சிவபெருமாள். "நீ தூங்கி எத்தன நாளாச்சு தெரியுமா?"

"விட்டுட்டு? திரும்ப அந்த மேனேஜர் முன்னால போய் நிக்கச் சொல்லுதீங்களா?"

"அவன் காரணமாவது கேட்டான்" என்றான் அவன். சிரிப்புக்காகத்தான் சொன்னான். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

கம்பெனியில் ஒரு பொதுப்பலகை உண்டு. பிறந்தநாள் வாழ்த்து, சமையல் குறிப்பு போடுவார்கள். வடிவு அதில் ஒரு வரி எழுதியதில்லை. வியாழக்கிழமை, சிவபெருமாள் மெஷினில் கிடக்கும்போது, அதில் ஏழு கட்டம் வரைந்தாள். எழுதி அழித்து, எழுதி அழித்து, கடைசியில் இவ்வளவுதான் எழுதினாள்: 'உயிர் சம்பந்தப்பட்ட கேள்விகளை இதுவரை ஹமீதா என்ற ஒருவரே எடுத்து வந்தார். அவர் போய்விட்டார். நாளுக்கு ஒருவர் தள்ளாமல் எடுக்க வேண்டும். திங்கள்: வடிவு.'

கொஞ்ச நேரத்தில் அந்த இனிமையான குரல் அழைத்தது. "முறை போட்டு வேலை செய்யறது நம்ம கம்பெனி கொள்கைக்கு ஒத்துவராது மேடம்."

"அழிச்சிரணுமா?"

"அப்படிச் சொல்லமாட்டோம். நம்ம கம்பெனியில எதுக்கும் தடை இல்ல."

அன்று முழுக்கப் பலகை காலியாகவே இருந்தது. வெள்ளி காலையில் புதன்கிழமைக்கு ஒரு பெயர் வந்தது. மதியத்துக்குள் செவ்வாய், வியாழன். ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு பேர். வெள்ளிக்கு ஒருவர், பெயர் போடாமல் ஊரை மட்டும் போட்டார்.

சனிக்கிழமைக் கட்டத்தில் பெயர் வரவில்லை. காரணங்கள் வந்தன.

'சனி முடியாது. மகளை விடுதியில் பார்க்க விடுவது அன்று மட்டும்தான்.' 'எனக்கு அன்று இரண்டாவது வேலை.' 'அண்ணனை ஜெயிலில் பார்க்கப் போவேன்.' 'சனிக்கிழமை மட்டும்தான் நான் தூங்குகிறேன்.' ராத்திரிக்குள் இருபத்து மூன்று. யாரும் கேட்கவில்லை. அவர்களாகவே எழுதினார்கள். வடிவு ஒவ்வொன்றாகப் படித்தாள். ஒன்றுகூடப் பொய்யாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. மூன்று வருடமாகத் தன்கூட வேலை பார்த்தவர்களை அவள் முதல்முறையாகப் பார்ப்பதுபோல் இருந்தது. இருபத்து நான்காவதாக எழுதினாள்: 'என் வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ்.'

சிவபெருமாள் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து படித்துக்கொண்டிருந்தான்.

"எனக்குத்தான் ஒரு காரணமும் இல்ல" என்றான். "நாலு மணி நேரம் என்னைய மெஷினோட கட்டித்தான போடுதாங்க? எங்கயும் ஓடமாட்டேன். குளிக்கப் போகமாட்டேன். என்னையவிடத் தோதான ஆள் யாரு இருக்கா?"

"மத்த நேரம்?"

"மத்த நேரம் மட்டும் எங்க போகப்போறேன்? வீட்டுலதான கெடக்கேன்."

"நடுவுல பிரஷர் எறங்குமே."

"அதையும் எழுது. பத்தரையிலருந்து பதினொண்ணரை வரைக்கும் இன்னொரு ஆள் வேணும்னு."

அவள் எழுதினாள். அந்த ஒரு மணி நேரத்துக்கு, விடுதி மகளின் தகப்பன் பஸ்ஸில் போகும்போது பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

சனிக்கிழமை காலை ஜெபா சிஸ்டர் ஊசிகளைக் குத்தி, குழாய்களை மாட்டி, இடது கையைப் பட்டியால் கட்டினார். சிவபெருமாள் வலது கையில் புதுப் பட்டையோடு படுத்திருந்தான். வெளியே தூறல் தொடங்கியிருந்தது. சேர்க்கை முடிந்ததும் திரையில் வரவேற்பு வந்தது. வடிவு அதை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். அவன் உரக்கப் படித்தான்.

"இலகு குடும்பத்துக்கு நல்வரவு. இங்கே உங்களை எதுவும் கட்டிவைக்காது. நீங்கள் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியாத சிரிப்பு. தோள் குலுங்கி, குழாய் அசைந்து, மெஷின் வீறிட்டது. ஜெபா சிஸ்டர் ஓடி வந்தார்.

"அசையாதீங்கன்னு எத்தன தடவ சொல்லுறது? ஊசி வெளிய வந்துச்சுன்னா என்ன ஆகும்?"

"அசையல சிஸ்டர். இனிமே அசையவே மாட்டேன்."

அவர் குழாயைச் சரிசெய்துகொண்டிருக்கும்போதே அவன் வலது மணிக்கட்டில் பட்டை மூன்று முறை துடித்தது. சிவபெருமாளின் சிரிப்பு நின்றது. இடது கையை இருந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு, வலது கட்டைவிரலை அவன் மெதுவாகத் திரைக்குக் கொண்டுபோனான். வடிவு அவன் விரலைப் பார்க்கவில்லை. திரையையும் பார்க்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.